கண்டவர், பெயர் சொன்னவர்

“இந்த முறை தீவுக்கு வழிகாட்டியாக நான் போக வேண்டும்.”

மனேஜர் மல்கத்தின் மேசைக்கு முன்னால் நின்றபடி சொன்னேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவர் தேநீர் ஊற்றித் தருவார், தேநீர் குடித்து முடிவதற்குள் கதை வேறெங்காவது போய்விடும்.

வேலையிடத்தில் வாய் திறந்து ஒன்றும் கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் அம்மா டொலறஸ், தொலைந்த கதவுத் திறப்பிலிருந்து அப்பாவின் சீனி வருத்தம் வரைக்கும் அந்தோனியாரிடம் கேட்பாள். மனேஜரிடம் மட்டும் கேட்கக்கூடாது. “குடுத்தா வாங்கு பிள்ளை. குடுக்காட்டி வாயை மூடிக்கொண்டிரு. கேட்டியெண்டா இருக்கிறதும் போயிடும்.” அப்பா கஸ்பர் இருபத்திரண்டு வருடம் ஒரே பெற்றோல் நிலையத்தில் ஒன்றும் கேட்காமல் நின்றார். இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

எங்களுடையது பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிப் போகும் கம்பனி. ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, ஷெட்லண்ட் பக்கத்துக் கடலில் ஒரு சின்னத் தீவு. மரம் கிடையாது. செம்மறி ஆடு, கல் மதில், காற்று. செப்ரெம்பர் கடைசியில் கிழக்குக் காற்று அடித்தால், சைபீரியாவிலிருந்து தெற்கே போகவேண்டிய குருவிகள் வழி தவறி அங்கே வந்து விழும். அதைக் காண்பதற்காக ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்கள் வருடம் முழுக்கக் காத்திருப்பார்கள். லண்டன் ஹரோவில், தரை ஓடு விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். படகு, விமானம், தங்குமிடம், யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, யாருக்கு முழங்கால் மடங்காது, நான்கு வருடமாக எல்லாம் நான்தான். எந்தக் காற்றுக்கு எந்த மதிலின் பின்னால் குருவி ஒதுங்கும் என்று வழிகாட்டிகள் கையில் கொண்டு போகிற பதினாறு பக்கக் குறிப்பை எழுதியதும் நான். பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் படித்துத்தான் எழுதினேன். தீவை நான் கண்ணால் கண்டதில்லை.

மல்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேனுஷா, நீ இல்லாவிட்டால் இந்த ஒபிஸ் ஓடாது.”

“ஒரு கிழமை ஓடாமல் நிற்கட்டும்.”

“ஆட்கள் குருவிக்காக மட்டும் வருவதில்லை. இரண்டு நாள் மழைக்குள் அடைபட்டால் அவர்களைச் சிரிக்கவைக்க யாராவது வேண்டும். உன் திறமை வேறு மாதிரியானது.”

“அப்படியென்றால் யார் போவது?”

“பிறேமினி.”

வயிறு பற்றி எரிந்தது. இதை நாகரிகமாக எழுத எனக்குத் தெரியாது.

பிறேமினி என் பெரியம்மாவின் மகள். என்னைவிட ஒரு வயது இளையவள், வளர்த்தியில் மூத்தவள். பெரியப்பா கிறிஸ்துராஜா, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர். பின்னர் என்ற வசதியான ஊரில் வீடு, பின்வளவில் பெரிய தோட்டம், தோட்டத்தில் பறவைக்குத் தீனி வைக்கிற கம்பம். எங்களுக்கு ரெய்னர்ஸ் லேனில் இரண்டு அறை வீடு. நான் பறவை பார்த்தது ஆறு மணி பஸ் பிடித்துப் போய், பிரென்ற் நீர்த்தேக்கக் கரையில். நான் பட்டம் வாங்கியபோது அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெற்றோல் நிலையத்துக் கல்லாவின் பின்னால் ஒட்டினார். எங்கள் வீட்டில் முதல் பட்டம். அவர்கள் வீட்டில் பட்டம் என்பது சாமான் வாங்கினால் தருகிற பை மாதிரி, எல்லாரிடமும் இருக்கும். பல்கலைக்கழக விடுமுறையில் அவள் மூன்று மாதம் அதே தீவில் சம்பளமில்லாமல் வேலை செய்தாள், பறவைகளுக்கு வளையம் போடுகிற ஆட்களுக்கு உதவியாக. அதே மூன்று மாதம் நான் சவுத்தாலில் ஒரு மொத்தக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு விலை அடித்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் இந்தக் கம்பனிக்குள் அவளைக் கொண்டுவந்தது யார்? நான்தான். அவளுக்கு ஒரு வேலை இருக்குமா என்று மல்கத்திடம் போய்க் கேட்டேன். எனக்காக ஒருநாளும் திறக்காத வாய், மற்றவளுக்காக நன்றாகத்தான் திறந்தது.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவளுக்குத் தெரியும். காது கூர்மை. புதருக்குள் கிடக்கிற குருவியைச் சத்தத்தை வைத்தே சொல்வாள். சனங்கள் அவளைச் சுற்றி நிற்பார்கள். நான் ஒரு அறைக்குள் போனால் அச்சு இயந்திரத்தில் தாள் முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள்.

அன்று பின்னேரமே அவள் ரெலிபோன் எடுத்தாள்.

“அக்கா, மல்கம் சொன்னவர். உனக்குக் கோவமோ?”

“இல்லை.”

“பொய்.”

“ஓம், பொய். வை ரெலிபோனை.”

“வைக்கிறன். உன்ர குறிப்பை நான் பாடமாக்கிப் போட்டன் தெரியுமோ. பதினாறு பக்கமும்.”

அதற்கும் எரிந்தது.

*

எங்கள் தொழிலில் வெளியே சொல்லாத வழக்கம் ஒன்று உண்டு. வழிகாட்டி குழுவின் முன்னால் தடுமாறக்கூடாது. ஒருமுறை பிழையான பெயரைச் சொல்லிவிட்டால் அது பத்து வருடத்துக்கு அவன் முதுகில் ஒட்டியிருக்கும். பின்னால் வந்து சரியாகச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் சந்தேகமான குருவி வந்தால், வழிகாட்டி காலநிலை பார்க்கிறவன் மாதிரி நாலடி தள்ளிப் போய், கமராவின் பின்திரையைக் கைபேசியால் படமெடுத்து ஹரோவுக்கு அனுப்புவான். நான் பார்த்துப் பெயரை அனுப்புவேன். அவன் திரும்பி வந்து, தானே கண்டுபிடித்தது போல அறிவிப்பான். இதுவரை வழிகாட்டியாகப் போன மல்கம் இதை என்னிடம் நான்கு வருடம் செய்தார். என் பதில் பிழைத்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பழைய செய்திகளெல்லாம் என் கைபேசியில் அப்படியே கிடக்கின்றன.

இன்னொரு வழக்கமும் உண்டு. தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் குழு ஒன்றாக உட்காரும். வழிகாட்டி தடித்த கொப்பியைத் திறந்து பறவைகளின் பெயரை வரிசையாக வாசிப்பான். எத்தனை கண்டது என்று ஆட்கள் சொல்லச் சொல்ல எழுதுவான். அரிய பறவையென்றால் பக்கத்தில் இன்னும் இரண்டு பெயர் எழுதப்படும்: கண்டவர், பெயர் சொன்னவர். அந்த இரண்டு பெயரும் கம்பனியின் அறிக்கையில் அச்சாகும். பறவைக்காரர் உலகத்தில் மனிதருக்குக் கிடைக்கிற பட்டம் அதுதான். நான் பெயர் சொன்ன குருவிகள் இருபதுக்கு மேல் அந்தக் கொப்பிகளில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மல்கத்தின் பெயர். கொப்பிப் பக்கங்களைப் பார்த்து அறிக்கையைத் தட்டச்சு செய்வதும் நான்தான், ஆகவே என் கையாலேயே அவர் பெயரை அடித்திருக்கிறேன்.

பிறேமினி எட்டுப் பேருடன் செப்ரெம்பர் கடைசியில் போனாள். அதில் ஷீலா என்று ஒரு அம்மா, குறொய்டன் பக்கம், எழுபத்தெட்டு வயது, முன்பு பஸ் ஓட்டியவர். மூன்றாவது தடவையாக வருகிறார். அவருக்கு ஒரே ஒரு குருவி வேண்டும்: லன்சி. பறவைக்காரர் செல்லமாக வைத்த பெயர். சைபீரியக் குருவி, விரல் நீளந்தான் உடம்பு, மார்பில் ஈட்டி முனை போல மெல்லிய கோடுகள். இங்கிலாந்தில் சாதாரணமாகக் கிடைக்கும் குரொப்பர் என்ற குருவியும் ஏறக்குறைய இதே சாயல். இரண்டையும் மாற்றிச் சொல்லி மானம் போனவர்கள் பலர். ஷீலா எனக்கு எழுதிய மின்னஞ்சலில், “முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்தப் படகில் நான் ஏறுவேனென்று தோன்றவில்லை, அன்பே, இதுதான் கடைசி” என்றிருந்தது. விமான நிலையத்தில் அவருக்குச் சக்கர நாற்காலி ஒழுங்கு செய்ததும் நான்.

நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை. மல்கம் பல் டொக்டரிடம் போயிருந்தார். என் கைபேசி அதிர்ந்தது.

“அக்கா, தெற்கு மதில். கெதியா சொல்லு. ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

படத்தைப் பெரிதாக்கினேன். நனைந்த புல், மதிலின் அடிக்கல், கல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரு மண்ணிறக் குருவி. மார்பில் கூரிய பென்சிலால் இழுத்தது போலக் கோடுகள். மடித்த சிறகின் உள் இறகுகள் கறுப்பு, ஓரத்தில் நூல் போல வெளிர்க்கரை.

பத்து விநாடிக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. லன்சி.

தெற்கு மதில் என் குறிப்பில் ஒன்பதாம் பக்கம். கிழக்குக் காற்றும் மழையும் சேர்ந்து வந்த மறுநாள் காலையில் அங்கே பார்க்கச் சொல்லி எழுதியிருந்தேன். அவள் என் சொல்லைக் கேட்டு நடந்து போய், என் மதிலின் அடியில், என் குருவியின் முன்னால் நிற்கிறாள். என் காலில் ஒபிஸ் ஹீட்டரின் சூடு. கீழே கடையில் ஓடு வெட்டுகிற மெஷின் அலறுகிறது. இன்றிரவு கொப்பியில் அவள் பெயர் ஏறும், அறிக்கை போனதும் முழு இங்கிலாந்துக்கும் தெரியும், அடுத்த வருடமும் அவள்தான்.

“குரொப்பர். விட்டிட்டு நட,” என்று எழுதி அனுப்பினேன்.

அனுப்பி இரண்டு நிமிடத்துக்குப் பிறகுதான் ஷீலாவின் நினைவு வந்தது. அவள் வாசித்துவிட்டாள் என்ற நீலக் குறி விழுந்திருந்தது. “பிழை, லன்சி” என்று எழுத இரண்டு சொல் போதும். நான் எழுதவில்லை. அறிந்துதான் எழுதாமல் இருந்தேன். மதியச் சாப்பாட்டைத் திறந்து, அம்மா கட்டித் தந்த புட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

அவளிடமிருந்து பதில் வரவில்லை.

*

அடுத்த திங்கள் கொப்பிப் பக்கங்களின் படங்கள் வந்து சேர்ந்தன. அறிக்கை அடிக்க உட்கார்ந்தேன். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நாலாம் நாளில் பிறேமினியின் உருண்டைக் கையெழுத்து.

லன்சி, ஒன்று, தெற்கு மதில். கண்டவர் பிறேமினி. பெயர் சொன்னவர் மேனுஷா, ஹரோவிலிருந்து, படத்தைப் பார்த்து.

கீழே வேறொரு நடுங்கும் கையெழுத்து: எட்டுப் பேரும் கண்டோம். நன்றி. ஷீலா.

நாலைந்து தடவை வாசித்தேன். பிறகு அடித்தேன். மல்கம் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். “கைபேசியில் பார்த்தா? ஹரோவில் இருந்துகொண்டா?” அன்று முழுக்க அதையே சொன்னார். அறிக்கை புதன்கிழமை போனது. முன்பின் தெரியாதவர்கள் எனக்கு எழுதினார்கள். வெள்ளிக்கிழமை மல்கம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தேநீரும் ஊற்றினார்.

“மே மாதக் குழுவை நீ கூட்டிப் போ. இப்போது உனக்கு ஒரு கதை இருக்கிறது. ஆட்கள் உன்னைக் கேட்பார்கள்.”

“யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். நான்கு வருடம் காத்திருந்த வாய்க்கு வந்த பதில் அது.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் எல்லாரும் தேத்தண்ணியும் ரோல்ஸும் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். பெரியம்மா பிறேமினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கூட்டமாக ஏறி இறங்கினாள்.

“எட்டு வெள்ளையளைத் தனிய மேய்ச்சுக்கொண்டு வந்தவள். ஒரு ஆடும் கடலுக்குள்ள விழேல்லை.”

யோகமலர் அன்ரி ரோல்ஸைக் கடித்தபடி கேட்டாள்: “குருவி பாக்கக் காசு குடுத்தோ போறவை? எங்கட கராச் கூரையில வந்து இருக்குதே, அதுக்கு ஆர் காசு தாறது?”

“அது புறா, அன்ரி,” என்றாள் பிறேமினி. எல்லாரும் சிரித்தார்கள்.

“இவளும் இப்ப பெரிய ஆள்,” என்று பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். “கந்தோர்க் கதிரையில இருந்துகொண்டே குருவி பிடிக்கிறாளாம். எங்கட பிள்ளைதான் அவளின்ர பேரையும் சேத்துப் போட்டவள். என்ன இருந்தாலும் சகோதரம்.”

அம்மா பெருமையில் தலையாட்டினாள். நான் பிறேமினியின் முழங்கையைப் பிடித்து, கார் நிறுத்துகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“ஏன் என்ர பேரைப் போட்டனீ?”

“மெதுவா அக்கா, தேத்தண்ணி கொட்டுப்படும்.”

“ஏன் போட்டனீ? நான் குரொப்பர் எண்டெல்லோ சொன்னனான்.”

“ஓம். சொன்னனீ.” கோப்பையை யாருடையதோ காரின் மேல் வைத்தாள். “எனக்கு அது லன்சி எண்டு பட்டது. சரியோ எண்டு ஒருக்காக் கேக்கத்தான் அனுப்பினனான். நீ குரொப்பர் எண்டு போட்டிட்டாய். அக்கா பிழை விடாள், அப்ப நான்தான் விசரி எண்டு நினைச்சன். ஆக்களைத் திருப்பிக்கொண்டு போக வெளிக்கிட்டிட்டன். ஷீலாவுக்கு உடன எழும்ப ஏலேல்லை, முழங்கால். அவ புல்லில இருக்க, அது மதிலடியால வந்து அவவின்ர சப்பாத்துக்கு மேலால ஏறி நடந்து போச்சுது. குரொப்பர் எண்டா ஒளிச்சிடும். ஆளை மதியாமல் சப்பாத்தில ஏறுறது லன்சிதான்.”

“அப்ப நீதான் பேர் சொன்னனீ.”

“ஓம்.”

“நான் தெரிஞ்சுகொண்டுதான் பிழையாச் சொன்னனான். அதுவும் உனக்குத் தெரியும்.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “முதல் தெரியேல்லை. ராத்திரி கொப்பி எழுதேக்க தெரிஞ்சது. நீ அந்தப் படத்தில பிழை விடமாட்டாய்.”

“தெரிஞ்சும் போட்டனீ.”

“பாவமாக் கிடந்தது அக்கா. நாலு வருசமா அந்தக் கதிரையில இருக்கிறாய். மல்கத்துக்கு உன்னை அனுப்ப ஒரு சாட்டு வேணும். என்னட்ட ஒண்டு இருந்தது, தந்தன். எனக்கு இன்னும் எத்தினையோ குருவி கிடைக்கும்.”

அவள் குத்திச் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. பழைய சட்டை கொடுக்கும்போதும் பெரியம்மா வீட்டில் இப்படித்தான் கதைப்பார்கள்: எங்களிட்ட நிறைய இருக்கு, கொண்டு போ. அந்தச் சட்டைகளைப் போட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அளவு எப்போதும் சரியாக இருக்கும்.

அவளுடைய வீட்டுக்கும், காதுக்கும், மூன்று மாதத் தீவுக்கும் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கார்களுக்கு நடுவில், கொடுத்துவிட்டு மறந்துபோகிற அவளுடைய கைக்குப் பொறாமைப்பட்டேன். நான் பொய் சொல்லிக்கூடக் கெடுக்க முடியாத ஒருத்தி. அதைவிட அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

“நீ தந்ததை நான் எடுக்கமாட்டன்,” என்றேன்.

“விசர்க்கதை கதைக்காதை. மே மாதம் போ. கடல்குருவியெல்லாம் முட்டையிடுற நேரம். வடிவு.”

“எனக்குத் தெரியும் வடிவெண்டு. நான்தான் எழுதினனான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

*

திங்கட்கிழமை ஒபிஸை ஏழரைக்கே திறந்தேன். முதலில் அறிக்கையைத் திறந்து ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை அடித்தேன். கண்டவர் பிறேமினி, பெயர் சொன்னவர் பிறேமினி. கீழே ஒரு குறிப்பு: லண்டனிலிருந்து மேனுஷா பிழையான பெயரை அனுப்பினார், அது பிழையென்று தெரிந்தே அனுப்பினார், வழிகாட்டி அதை நம்பாமல் தன் கண்ணை நம்பினார். எட்டு விருந்தினருக்கும் மல்கத்துக்கும் அனுப்பினேன். ஷீலாவுக்கு மட்டும் தனியாக இரண்டு வரி சேர்த்தேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

பிறகு தீவுப் படகின் இலக்கத்தை அழுத்தினேன். அங்கே பதிவு எடுக்கிற இங்காவுக்கு என் குரலை நான்கு வருடமாகத் தெரியும், முகம் தெரியாது.

“காலை வணக்கம், ஹரோ. இந்த முறை எத்தனை பேர்?”

“ஒருவர். அடுத்த கிழமை.”

“அடுத்த கிழமையா? விருந்தினர் காலம் முடிந்துவிட்டதே. யாருடைய பெயருக்கு?”

“என் பெயருக்கு.”

“சரி,” என்றாள் இங்கா, “தடித்த காலுறை கொண்டு வா.”

மல்கம் ஒன்பது மணிக்கு வந்தார். மின்னஞ்சலை நின்றபடியே வாசித்தார். காது சிவந்து வந்தது.

“இது ஏன்? யாருக்கும் தெரிந்திருக்காதே.”

“பிறேமினிக்குத் தெரியும்.”

“அவள்தானே விட்டுக் கொடுத்தாள். உன் பெயரைப் போட்டு மே மாத விளம்பரமே எழுதிவிட்டேன். நான் எல்லாருக்கும் பைத்தியக்காரன் மாதிரித் தெரிவேன்.”

“நான்கு வருடம் நான் சொன்ன பெயர்களை உங்கள் பெயரில் போட்டீர்கள். அப்போது உங்களுக்கு அப்படித் தெரியவில்லை.”

“அது தொழில் வழக்கம்.”

“தெரியும். நான்தான் தட்டச்சு செய்தேன்.”

“வேண்டுமென்றே பிழையான பெயர் சொன்னவளை எந்தக் கம்பனியும் வழிகாட்டியாக எடுக்காது, மேனுஷா. யோசித்தாயா?”

“யோசித்தேன். அது நியாயம்தான்.”

ஒபிஸ் கதவுத் திறப்பைச் சங்கிலியிலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டேன். பதினாறு பக்கக் குறிப்பின் ஒரு பிரதியையும் எடுத்தேன். போய்ப் பார்த்து, எங்கெங்கே பிழை என்று அடித்துத் திருத்த வேண்டும்.

கதவருகில் வந்தபோது மல்கம் கேட்டார்: “அப்படியானால் மே மாதத்துக்குப் படகு யார் பதிவது?”

“இங்காவின் இலக்கம் சுவரில் இருக்கிறது,” என்றேன். “நீங்களே கேளுங்கள்.”

கீழே ஓடு வெட்டுகிற மெஷின் தொடங்கியிருந்தது. கதவைச் சாத்தாமல் படியிறங்கினேன்.